கல்லிலே எழுதிய ஊரில் காகிதமில்லாக் குடித்தனம்

திருவரங்கம் பெரிய கோயிலின் பிராகாரச் சுவர்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. சோழர் காலத்திலும் பாண்டியர் காலத்திலும், பின்னர் ஹொய்சளரும் விஜயநகர மன்னரும் ஆண்ட காலங்களிலும், ஒருவர் நந்தவனத்துக்கென்று ஒரு தோட்டத்தை விட்டாலும், திருவிளக்கு எரிப்பதற்கென்று ஒரு வயலின் விளைவை ஒதுக்கினாலும், அந்நிலத்தின் நான்கெல்லை எவை, அளவு என்ன, அதிலிருந்து கோயிலுக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்பனவற்றையெல்லாம், பிற்காலத்தில் ஒருவரும் மறுத்துப் பேச இடமில்லாதபடி கல்லிலே வெட்டுவித்து வைத்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி முழுவதும் இந்த ஒரு கோயிலின் சாசனங்களால் நிறைந்திருக்கிறது. அவை 500-க்கும் மேற்பட்டவை. அவற்றை எழுதுவித்தவர்கள் பிறர்மீது நம்பிக்கையற்றிருந்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பேருக்கிடையே உள்ள நம்பிக்கை அவ்விருவருடைய ஆயுளோடு முடிந்துவிடக்கூடும் என்பதை அறிந்து, பேரன் காலத்திலும் அது நிலைக்கவேண்டுமென்று கருதிய விவேகிகள் அவர்கள்.

அதே மதில்களுக்குள்ளே, உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும், அடையவளஞ்சானிலும், காவிரிக்கு அக்கரையில் தில்லைநகரிலும் உறையூரிலும் தென்னூரிலும், இன்று ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு வீட்டை விடும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். தரகர் அழைத்து வருகிறார். வீட்டுக்காரர் ஊரும் உத்தியோகமும் விசாரிக்கிறார். அட்வான்ஸ் தொகை கைமாறுகிறது. ‘உங்களை நம்பித்தான் விடுகிறேன்’ என்று அவரும், ‘சொந்த வீடு மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று இவரும் சொல்லிக்கொள்கிறார்கள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சியாகிறது. எழுத்து என்று ஒன்று இருக்குமாயின், பதினோரு மாதத்துக்கென்று அச்சிட்ட ஒரு முத்திரைத்தாளில் இருவரும் படித்துப்பாராமலே இட்ட கையொப்பமாக அது இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்திருப்பதனால், அந்தச் செலவிலிருந்து தப்புவதற்காகப் பிறந்ததே இந்தப் பதினோரு மாதக் கணக்கு.

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே நேரும் விவகாரங்களில் பெரும்பாலானவை தீய எண்ணத்தினால் விளைகின்றன என்று நான் கருதவில்லை. எழுதப்படாதவற்றை இரு தரப்பாரும் இரு விதமாக ஞாபகம் வைத்திருப்பதே அவற்றின் மூலகாரணம். ஆகையால் எழுத்தை அவமதிப்பாக எண்ணும் மனப்பான்மையை நாம் கைவிடவேண்டும். நம் ஊரின் ஆகப் பெரிய நில உடைமையாளராகிய கோயிலும், அதன் சார்பில் பரிபாலனம் செய்யும் அரசும், அதில் பிறருக்கு வழிகாட்டியாக முன்நிற்கவேண்டும். இதுவே நான் சொல்ல விரும்புவது.

வழக்குகள் எவ்வாறு முளைக்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குடித்தனக்காரர் காலிசெய்யும் நாளில், வெள்ளையடிக்க இவ்வளவு, உடைந்த குழாய்க்கு இவ்வளவு, மின்சாரப் பாக்கி இவ்வளவு என்று கழித்து, முன்பணத்தில் பாதியை வீட்டுக்காரர் நீட்டுகிறார். சுவர் ஏற்கெனவே அழுக்கடைந்துதான் இருந்தது என்று மற்றவர் சாதிக்கிறார். குடிவந்த அன்று சுவர் எந்த ஸ்திதியில் இருந்தது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. முதற்கட்டிலும் இரண்டாங்கட்டிலும் மாடியிலுமாக மூன்று குடும்பங்கள் வாழும் பழைய வீட்டில், ஒரே மோட்டாரிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. அதன் மின்கட்டணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று பேசவில்லை. போக்கியத்துக்கு வீட்டை விட்ட ஒருவர், மாத வாடகைக்குப் பதிலாக வாங்கிய பெருந்தொகையைப் பெண்ணின் கலியாணத்துக்கோ பையனின் மேற்படிப்புக்கோ செலவழித்துவிட்டுத் தவணை முடிந்தபின் திருப்பித்தர வழியின்றித் திகைக்கிறார். பணம் வந்தாலல்லாமல் வேறு வீடு பார்க்க இயலாத குடித்தனக்காரரும் வெளியேற முடியாமல் தவிக்கிறார். அயல்நாட்டில் உள்ள பிள்ளைகள், தகப்பனார் காலமானபின் வீட்டை விற்றுப் பாகம் பிரித்துக்கொள்ள விரும்புகிறார்கள். இருபது வருஷமாக அதே வாடகையில் குடியிருக்கும் முதியவருக்கோ, அந்தத் தெருவையும் கோயிலையும் விட்டால் போக்கிடமில்லை. இவர்களில் ஒருவரையும் நாம் துஷ்டர் என்று சொல்லிவிட முடியாது.

என் இளம்பிராயத்தில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் இரண்டாங்கட்டில் குடியிருந்தோம். மாதந்தோறும் முதல் வாரத்தில் என் தகப்பனார் வாடகையோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு முதற்கட்டுக்குப் போவார். வீட்டுக்காரத் தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தொகையையும் தேதியையும் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிடுவார். கொல்லைக் கதவு மாற்றிய செலவு யாருடையது, கிணற்றைத் தூர்வாரியபோது அவரவர் பங்கு எவ்வளவு என்பனவும் அந்த நோட்டிலேயே ஏறின. அவ்வளவு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு இந்தச் சம்பிரதாயம் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியதுண்டு. தாத்தா காலமாகி, எங்களை அதிகம் அறியாத வாரிசுகள் வெளியூரிலிருந்து வந்து கணக்குக் கேட்ட தினத்தில், அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றே நடுவர்போல் இருந்து அரைமணி நேரத்தில் விஷயத்தை முடித்துவைத்தது. முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் திரும்பிவந்தது. நாங்கள் வேறு வீதிக்குக் குடிபோன பின்னரும் இரு குடும்பத்தாரும் விசேஷங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். எழுத்து சிநேகத்தைக் கெடுக்கும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், அந்த நோட்டுப் புத்தகந்தான் என் நினைவுக்கு வருகிறது.

அரசாங்கம் இவ்விஷயத்தில் தலையிடத் தொடங்கியது இரண்டாம் உலக யுத்த காலத்தில். நகரங்களில் வீடு கிடைப்பது அரிதாகி வாடகை ஏறியபோது, 1941-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்தபின் 1946-இலும் 1949-இலும் அது சட்ட வடிவம் பெற்று, 1960-ஆம் ஆண்டின் 18-ஆவது சட்டமாக நிலைபெற்றது. நியாய வாடகை என்று ஒன்றை நிர்ணயிக்கவும், வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உடைமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலிய குறிப்பிட்ட காரணங்களுக்காகவன்றி ஒருவரை வெளியேற்றாமல் காக்கவும் அது வகைசெய்தது. எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சட்டம் நிழலாக இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, அதன்மேல் மேல்முறையீடு, அதன்மேல் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு என்று ஒரு வழக்கு படியேறி முடிவதற்குள் ஆண்டுகள் பல கழிந்தன. கடைவீதிகளில் தாத்தா காலத்து வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலையும், அதன் பயனாக வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்பேனேயன்றி வாடகைக்கு விடமாட்டேன் என்று உடைமையாளர் உறுதிகொள்ளும் நிலையும் அதிலிருந்தே உண்டாயின.

அந்தப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-ஆம் ஆண்டின் 42-ஆவது சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் இச்சட்டத்தின் உயிர்நாடி எழுத்துதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் பெறவேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்திக் குடித்தனக்காரரை வெளியேற்ற முயலலாகாது. வாடகை எவ்வளவு என்பதை நீதிமன்றம் நிர்ணயிப்பதை விட்டு, இரு தரப்பாரும் எழுதிக்கொண்டதே செல்லும் என்று இச்சட்டம் விட்டுவிட்டமையால், எழுத்தின் பொறுப்பு முன்னைக் காட்டிலும் பெரிதாகிவிட்டது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமை ஒன்றே வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகவும் அதில் இடம்பெற்றிருக்கிறது. இதை நம் குடித்தனக்காரர்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும். வாய்ச்சொல்லில் குடியிருப்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். வாடகையை நாள் தவறாமல் செலுத்தலாம். எனினும் காகிதம் இல்லையென்பதனாலேயே அவர் கால் ஊன்றி நிற்கும் தரை வலுவிழந்துவிடுகிறது.

சட்டம் வந்து ஆண்டுகள் சென்றும், அதன்கீழ்ப் பதிவுசெய்த வீடுகளை நம் தெருக்களில் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது. பதிவு செய்தால் வருமான வரி வந்துவிடும் என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார். பதிவு கேட்டால் வீடு கிடைக்காது என்று குடிவருபவர் அஞ்சுகிறார். இருவருடைய அச்சத்துக்கும் நடுவில் சட்டம் புத்தகத்திலேயே உறங்குகிறது. கணினி வழியாகப் பதிவு செய்யலாமென்ற சௌகரியம் உண்டெனினும், பென்ஷன் பணத்தில் வாழும் விதவைத் தாய்மாருக்கும், மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்து ஓர் அறையில் வசிக்கும் கூலியாட்களுக்கும் அது எட்டாத சௌகரியமே.

இதுவரை தனிமனிதர்களைப் பற்றிச் சொன்னேன். இனிச் சொல்லப்போவது இதைவிடக் கனமான விஷயம். ஸ்ரீரங்கத்தில் வீடு ஒருவருடையதாகவும், அது நிற்கும் மண் மற்றொருவருடையதாகவும் கருதப்படும் விசித்திரமான நிலை உண்டு. இதற்கு அடிமனைப் பிரச்சினை என்று பெயர். வெள்ளித்திருமுத்தம் கிராமத்தில் அடங்கிய 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அரங்கநாதசுவாமிக்கே உரியது என்பது கோயில் நிர்வாகத்தின் கட்சி. தலைமுறை தலைமுறையாக அனுபவித்து, கிரயப் பத்திரம் எழுதி, நகராட்சி இருந்த காலத்தில் நகராட்சிக்கும், 1994-இல் ஸ்ரீரங்கம் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைந்த பின்னர் மாநகராட்சிக்கும் வரி கட்டிவந்த மனைகள் தங்களுடையவை என்பது குடியிருப்போரின் கட்சி. கோயில் நிலமென்று குறிக்கப்பட்டவற்றின் பத்திரங்களை உரிய அனுமதியின்றிப் பதிவுசெய்யலாகாது என்று பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறபடியால், அங்கே வாழ்பவர்கள் வீட்டை விற்கவும் இயலாமல், அடமானம் வைத்துக் கடன் பெறவும் இயலாமல், பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கவும் இயலாமல் இருக்கிறார்கள். தேர்தல்தோறும் இது மேடையில் எழுகிறது. தேர்தல் முடிந்தபின் அடுத்த தேர்தல்வரை காத்திருக்கிறது.

பிறர் மண்ணில் தம் பணத்தைப் போட்டுக் கட்டடம் எழுப்பியவர்களின் பரிதாபத்தை நம் சட்டம் அறியாததன்று. வாடகையை ஒழுங்காகச் செலுத்தும்வரை தம்மை வெளியேற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வீடு கட்டியவர்களைக் காப்பதற்கென்றே, 1921-ஆம் ஆண்டின் நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதலில் சென்னைப் பட்டணத்துக்கென்று ஏற்பட்டுப் பின்னர் வேறு நகரங்களுக்கும் விரிந்த அச்சட்டம், கட்டடத்துக்குரிய ஈடு பெறும் உரிமையையும், தகுந்த நேரங்களில் அந்த மனையையே நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் கட்டடம் எழுப்பியவருக்கு அளித்தது. ஆனால் 1996-ஆம் ஆண்டின் 2-ஆவது சட்டம், சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவிட்டது. அந்த விலக்கு செல்லுமென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் மயிலாப்பூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவ்விலக்கை உறுதிசெய்தது. சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களோ, 1976-ஆம் ஆண்டிலேயே ஓர் அரசாணையினால் வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டிருந்தன. ஆகவே கோயில் மண்ணில் குடியிருப்பவருக்கு, தனியார் வீட்டில் குடியிருப்பவருக்குக் கிடைத்த சட்ட நிழல்கள் ஒவ்வொன்றாக நீங்கிப்போயின.

அவ்வாறு நீக்கியதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கோயில் சொத்தைப் பேசுகிறவர்கள், அதன் பயனாளி யார் என்பதை மறந்துவிடலாகாது. நைவேத்தியத்துக்கும் திருவிளக்குக்கும் வேதபாராயணத்துக்கும் அன்னதானத்துக்கும் என்று முன்னோர் விட்டுச்சென்ற நிலத்திலிருந்து, சந்தையில் பெறக்கூடியதற்குச் சிறிதும் ஒவ்வாத சொற்பத் தொகை வருமானால், அந்தத் தர்மம் குன்றுகிறது. சட்டத்தின் பார்வையில் தெய்வம் மைனருக்கு ஒப்பானது. தன் வழக்கைத் தானே பேச இயலாதவருடைய சொத்தைக் காப்பது நீதிமன்றத்தின் கடமை. கோயில் இடத்தைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, அதிக வாடகைக்கு உள்வாடகை விட்டுப் பிழைக்கும் சிலரும் நாட்டில் உண்டு. அவர்கள் பொருட்டு நான் வாதாட வரவில்லை.

எனினும், வலியவருக்கென்று வகுத்த கடுமை எளியவர்மீது விழுமாயின் அது தர்மமாகாது. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, குத்தகைக் காலம் முடிந்தபின்னும் அல்லது குத்தகை ரத்தான பின்னும் இடத்தில் நீடிப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்றே கொள்கிறது. மூன்று தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிய குடும்பம், ஒரு புதுப்பிப்பு உத்தரவு ஒரு காரியாலயத்தில் தங்கிவிட்டதனால், ஒரே நாளில் குடியிருப்போர் என்ற நிலையிலிருந்து ஆக்கிரமிப்பாளர் என்ற நிலைக்கு வந்துவிடக்கூடும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டுமென்று 34-ஆம் பிரிவு கூறுகிறபடியால், கீழ்நிலை அதிகாரிகள் நீண்டகாலக் குத்தகை எழுதத் தயங்குகிறார்கள். 34-அ பிரிவின்கீழ் ஒரு குழு, சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொண்டு வாடகையை நிர்ணயிக்கவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் அதிகாரம் பெற்றிருக்கிறது. முறை நல்லதே. ஆனால் உயர்த்திய வாடகையைப் பல ஆண்டுகள் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாக்கி என்று ஒரே நோட்டீஸில் கேட்கும்போது, திண்ணையில் பூக்கட்டி விற்கும் ஒரு குடும்பமும், பெரிய கடைவீதியில் வியாபாரம் நடத்தும் ஒரு ஸ்தாபனமும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன.

செய்யவேண்டுவன என்ன? முதலாவதாக, அடிமனைப் பிரச்சினையில் வீதி வீதியாக, மனை மனையாக, ஆவணங்களைப் பகிரங்கமாகப் பரிசீலிக்கும் ஒரு தீர்ப்பாயம், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில், குறித்த காலக்கெடுவோடு அமையவேண்டும். கோயிலின் பழைய சாசனங்களும் செட்டில்மெண்ட் பதிவேடுகளும் நில அளவைப் படங்களும் ஒரு பக்கத்திலும், குடிமக்களின் கிரயப் பத்திரங்களும் வரி ரசீதுகளும் மறு பக்கத்திலும் வைத்துப் பார்த்து, இது சொந்த மனை, இது கோயிலின் மனையில் கட்டிய வீடு, இது ஆக்கிரமிப்பு என்று மூன்றாக வகுத்து, அந்தப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும். சொந்தமென்று தேறியவற்றுக்குப் பதிவுத் தடை உடனே நீங்கட்டும். கோயிலுடையது என்று தேறிய மனைகளில் வீடு கட்டி வாழ்பவர்களுக்கு, மண் கோயிலுடையதென்று அவர்களும், அவர்களுடைய குடியிருப்பு நிலைக்குமென்று கோயிலும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் நீண்டகாலக் குத்தகை கிடைக்கட்டும். பேரனுக்கும் செல்லுபடியாகும் அந்த ஓர் ஏடு இருந்தால், நியாயமான வாடகையைக் கொடுக்க இவ்வூரார் பின்வாங்கமாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. ரங்கநாதனுக்குக் கடன்பட்டிருக்க விரும்புகிற குடும்பம் ஸ்ரீரங்கத்தில் இல்லை.

இரண்டாவதாக, வாடகையைக் குடியிருப்புக்கு ஒன்றும் வியாபாரத்துக்கு ஒன்றுமாகத் தெளிவாகப் பிரித்து, கணக்கிட்ட விதத்தை நோட்டீஸிலேயே தமிழில் விளக்கி எழுதவேண்டும். பாக்கியைத் தவணையில் செலுத்த இடமளிக்கவேண்டும். மூன்றாவதாக, தனியார் வீடுகளின் பொருட்டு, வாடகை ஒப்பந்தப் பதிவை வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாநகராட்சியின் வார்டு அலுவலகங்களிலும், ஓர் எழுத்தரின் உதவியோடு ஒரே நாளில் முடிக்கும்படி செய்யவேண்டும். அச்சிட்ட ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், குடிவரும் நாளில் சுவர், கதவு, குழாய், மின்மானியின் எண் ஆகியவை இருந்த நிலையை இருவரும் சேர்ந்து குறிக்க ஒரு பட்டியல் இருக்கட்டும். வருமான வரியின் அச்சத்தைப் போக்க, சிறு வாடகையில் ஜீவனம் செய்யும் முதியோரில் பெரும்பாலோருக்கு வரியே வராது என்பதை அரசே வீடு வீடாக எடுத்துச் சொல்லவேண்டும்.

நான்காவது கடமை நம்முடையது; அதற்கு அரசாணை தேவையில்லை. அடுத்த மாதம் வாடகை கொடுக்கும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கூடக் கொண்டுபோங்கள். வாங்குகிறவர் தேதியிட்டுக் கையொப்பமிடட்டும். கொடுத்த முன்பணம் எவ்வளவு என்பதை அதன் முதற்பக்கத்தில் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, அதை எழுதிய இரண்டு பேரும் இல்லாமற் போயிருக்கலாம். அவர்களுடைய வார்த்தை மட்டும், பிராகாரச் சுவரில் பெயர் தெரியாத ஒருவர் ஒரு விளக்குக்கு விட்ட நிலத்தின் நான்கெல்லையைப் போல, அழியாமல் அங்கே இருக்கும்.